இடம் மாறிய ஃபோல்டர்

“அண்ணா, என் ஃபோல்டரைக் காணோம்.”

மாலை ஷிப்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தவள் இரண்டு தடவை தேடிவிட்டாள். மூன்று வாரம் கண் எரிய எரிய அவள் வரைந்து, போன வாரம் கட்டடக்காரருக்கு அனுப்பிய பள்ளிக்கூட வரைபடம் அதில்தான் இருந்தது.

அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் மேய்க்கும் சிஸ்டம் அண்ணன் வந்து தட்டிப் பார்த்தார்.

“காணாமலாம் போகலம்மா. சீனியரோட அக்கவுன்ட்ல இருக்கு. காலையில அவர்தான் மாத்தித் தரச் சொன்னாரு.”

“எதுக்காம்?”

“கேட்டேன். சிரிச்சு மழுப்பிட்டாரு.”

கம்ப்யூட்டர் ஒன்றுதான். காலையில் சீனியர், மாலையில் இவள், ஆளுக்கொரு அக்கவுன்ட். எது யார் அக்கவுன்டில் இருக்கிறதோ அது அவர் வரைந்தது என்றுதான் முதலாளி எடுத்துக்கொள்வார். வேலை நிரந்தரமாகுமா இல்லையா என்று இந்த வாரம் தெரிந்துவிடும். இந்த வரைபடத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும் என்றிருந்தாள்.

“பாத்தீங்களாண்ணா? வாய் நிறைய ‘பாப்பா, பாப்பா’ன்னு கூப்பிட்டுட்டு, கடைசியில என் உழைப்பையே சுருட்டிக்கிட்டாரு.”

“சேச்சே, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லம்மா. ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தலாமே.”

“எடுத்தவர்கிட்டயே அனுமதி வாங்கணுமா? என்னோடது எனக்கு வேணும். மாத்துங்க.”

அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லைதான். ஆனால் அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் பாஸ்வேர்டைத் தட்டினார். ஃபோல்டர் அவள் அக்கவுன்டுக்குத் திரும்பி வந்தது. அப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

“நாளைக்கு நாலு பேர் முன்னாடி நறுக்குன்னு கேக்கறேன் பாருங்க.”

கதவு திறந்தது. முதலாளி கடுகடுவென்று நின்றார்.

“ஏம்மா, அந்த ஸ்கூல் வரைபடத்துல நீ கை வெச்சிடாதே, அதைத் திருத்தணும். மாடிப்படி ஏறிப் போனா எதிர்ல சுவர்தான் இருக்கு. வாசலே விடல. காலையில கட்டடக்காரர் வந்து, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டுப் போனாரு.”

அவள் திரையில் திறந்திருந்த ஃபோல்டரை மூடினாள்.

“முதல்ல நீ வரைஞ்சதுன்னுதான் நெனச்சேன். இன்னிக்கே உன் சீட்டைக் கிழிக்கறதா இருந்தேன். சீனியர்தான் ‘என் வேலை சார்’னு சொல்லி, மத்தியானம் தன் அக்கவுன்டைத் திறந்து காட்டினாரு. இத்தனை வருஷ அனுபவம், படிக்கு ஒரு வாசல் விடத் தெரியல. புதுக் கிளைக்கு அவரைத்தான் மேனேஜரா போடறதா இருந்தேன். இனிமே அது கிடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில நானே அவர் பக்கத்துல உக்காந்து திருத்த வைக்கறேன்.”

பொரிந்து தள்ளிவிட்டுப் போய்விட்டார்.



“போய்ச் சொல்லிடறியாம்மா?” அண்ணன் மெதுவாகக் கேட்டார். “இப்பதானே போறாரு, பிடிச்சிடலாம்.”

அவள் எழுந்து கதவு வரை போனாள். முதலாளி படி இறங்கும் சத்தம் கேட்டது. சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, அதை மறுபடியும் அவர் அக்கவுன்ட்லயே போட்டுடுங்க.”