333ஆ, 222ஆ?

“சும்மா கொடுக்கிறவனுக்கு இந்தத் திட்டெல்லாம் தேவையா?” கெரிட் மடிக்கணினியை மேசைமேல் தள்ளினான்.

கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் பகலெல்லாம் டிராக்டர் பாகங்கள் விற்பவன் அவன். வீட்டுக்கு வந்தால், பழைய கையடக்க கேம் கருவிகளுக்கு மென்பொருள் எழுதி இணையத்தில் இலவசமாகக் கொடுப்பான்.

“இன்னிக்கு என்னவாம்?” என்றாள் மனைவி ட்வைலா.

“ஒருத்தன், ‘சாயங்காலம் பிராசசர் வேகத்தை 333 மெகாஹெர்ட்ஸ்ல வெச்சா, மறுநாள் 222க்கு இறங்கிடுது, கார் ரேஸ் நத்தையா நகருது’ங்கிறான். இன்னொருத்தி, ‘சார்ஜ் நீடிக்கட்டும்னு காலையில 222ல வெச்சா, மறுநாள் 333க்கு ஏறிடுது, பஸ்ல பாதி வழியிலேயே சார்ஜ் தீருது’ங்கிறா. ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துக்கிட்டு என்னைக் கழுவி ஊத்துறாங்க!”

“வேற யாராவது மாத்தியிருப்பாங்களோ?”

“கேட்டேனே! ‘என் கருவியை யாரும் தொட மாட்டாங்க, நீ உன் வேலையை ஒழுங்காப் பாரு’ன்னு எரிஞ்சு விழுறாங்க. மூணு வாரத்துல எட்டுத் தடவை மாத்தி எழுதிட்டேன். எந்த மாடல்னாவது பார்ப்போமேன்னு போட்டோ கேட்டிருக்கேன்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டு படங்களும் வந்துவிட்டன.

இரண்டிலும் பாட்டரி மூடிமேல் அதே மஞ்சள் டேப். அதே இடத்தில் அதே கீறல்.

“மேசைவிரிப்புகூட ஒண்ணுதான்!” என்றாள் ட்வைலா.

கெரிட் பற்களைக் கடித்துக்கொண்டு இருவருக்கும் ஒரே பதிலைத் தட்டினான்:

“இனிமே திட்டணும்னா இங்க எழுதாதீங்க. சாப்பிடும்போது எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆளை நேராவே திட்டுங்க.”