கட்டைவிரலுக்கு அடியில்

“யார் எழுதினதுன்னு சொல்லாதீங்க. படிங்க,” என்றார்.

சொல்லவில்லை. தாளின் அடியில் இருந்த பெயரைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன்.

இந்த வீட்டில் கவிதை படிக்கிற முறை அதுதான். என் வீட்டுக்காரர் நடத்திய சிற்றிதழுக்கு வருவதையெல்லாம் நான் இப்படிப் பெயரை மூடிக்கொண்டு உரக்கப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்புக்குப் பிறகுதான் விரலை எடுக்கலாம். சொந்தத் தம்பி எழுதியதையே இப்படித் திருப்பி அனுப்பிவிட்டு, தம்பி பேசாமல் போனதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தவர்.

இதழ் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. அது அவருக்குத் தெரியாது. மகனைத் தெரியவில்லை. குளியலறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஆனால் ஒரு கவிதை எந்த இடத்தில் சொதப்புகிறது என்பது மட்டும் அப்படியே தெரிகிறது. மருத்துவருக்கே ஆச்சரியம். அதனால் தினமும் மதியம் பழைய தாள்கட்டைப் பிரித்துக்கொண்டு அவர் எதிரில் உட்காருகிறேன்.

என்னை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வார்த்தைக்கு வார்த்தை ‘நீங்க’. கல்யாணமான நாளிலிருந்து கிடைக்காத மரியாதை.

“பிடிச்சிருக்குங்கறது உன் சமாச்சாரம். நல்லா இருக்குன்னா காரணம் சொல்லு.” அந்தக் காலத்தில் யார் வந்தாலும் இதையேதான் சொல்வார். ரசனைக்கு ஏது காரணம் என்று நண்பர்கள் தொண்டை வறள வாதாடுவார்கள். நான் அவர்கள் கட்சி. பிடித்தால் பிடித்ததுதான். ஒரு தடவைகூட நாங்கள் ஜெயித்ததில்லை. அவர் வரிவரியாகக் காரணம் சொல்லிக்கொண்டே வர, நமக்குப் பிடித்தது நம் கண்ணெதிரிலேயே இளைத்துப் போகும்.

இன்றைக்குக் கட்டின் நடுவில் ஒன்றைச் செருகி வைத்திருந்தேன். அதை அவர் நல்ல கவிதை என்று சொல்லிவிட வேண்டும். முழுசாக. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

நான் எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு எழுத வராது. வாய்தான் நீளம்.

படித்தேன்.

‘பேசிக்கொண்டே கதவைச் சாத்துகிறாய்.
மிச்சப் பேச்சு
என்னோடு தெருவில் நடந்து வருகிறது.’

கண்ணைத் திறந்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவர் யாரையும் இன்னொரு தடவை கேட்டவரில்லை. விரலை எடுக்காமல் மறுபடி படித்தேன்.

“இது பார்த்து எழுதினது. கதவுக்கு அந்தப் பக்கம் நிஜமாவே ஒருத்தி இருக்கா. வளவளன்னு பேசறவ.”

சிரித்தார். நானும் சிரித்தேன். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டாரே என்று இருந்தது.

கடைசி இரண்டு வரியைப் படித்தேன்.

‘எதை மறந்தாலும்
இந்தக் குரலை மறக்க மாட்டேன்.’

“அதை வெட்டிடுங்க.”

“ஏங்க? நல்லாத்தானே இருக்கு?”

“உங்களுக்குப் பிடிச்சிருக்கு. அது வேற.” கோபமில்லாமல், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொன்னார். “மறந்து போச்சுன்னா மறந்ததே தெரியாது. அப்புறம் எதை வச்சு வாக்குக் குடுக்கறான்? மேல இருக்கறதெல்லாம் கண்ணால பார்த்தது. இது மட்டும் ஆசைப்பட்டது. ஒட்டல.”

அந்த நண்பர்களில் யாராவது பக்கத்தில் இருந்தால் துணைக்கு இழுத்திருப்பேன். யாரும் இல்லை.

“எழுதினவருக்கு அப்படித் தோணியிருக்கும்ல?” என்று மட்டும் கேட்டேன்.

“தோணியிருக்கும்,” என்றார். “பாவம்.”

தீர்ப்பு முடிந்தது. முறைப்படி விரலை எடுத்துத் தாளை அவரிடம் நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் பெயர்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலிலிருந்து திரும்பிப் போன கையோடு எழுதியது. அதை இதழில் போடச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். சொந்தச் சரக்கைப் போடக் கூடாது என்று மறுத்துவிட்டார். அதனால் அது எனக்கு மட்டுமே தெரிந்த கவிதையாக இருந்தது.

“புதுப் பையனா? நல்லா வருவான்,” என்றார். “மனசு நோகாம ரெண்டு வார்த்தை எழுதிப் போடுங்க.”

“சரிங்க.”

சிவப்புப் பென்சிலை எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இரண்டு வரியின் குறுக்கே கோடு போட்டேன். எதிர்த்துச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி.

அடுத்த தாளை எடுக்கப் போனேன்.

“உங்க குரல் நல்லா இருக்குங்க,” என்றார்.

காத்திருந்தேன். எப்போதும் அடுத்தது காரணம்தானே வரும். வரவில்லை.

“என்ன காரணம்?” என்று நானே கேட்டேன்.

என் முகத்தையே பார்த்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு, கணக்குத் தப்பிப் போனவர்போல வெட்கப்பட்டுக்கொண்டு, “தெரியலீங்க,” என்றார்.

அந்தத் தாளை மறுபடி இழுத்து, கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தேன். சிவப்புப் பென்சில் அழியவில்லை.