சாக்கில் சுற்றிய பழி

அவன் அதைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டும்போது மனைவி கதவை மறித்து நின்றாள். நாலு நாளாக அறைக்குள் கம்பி அறுக்கிற சத்தம். பத்து விரலிலும் கீறல்.

"வேணாங்க. அந்த டேங்கர்காரன சாமி பார்த்துக்கும். நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"சாமிக்கு ஆயிரம் வேலை. இத நானே பார்த்துக்கறேன்."

அவனுக்கு வயிறு எரிந்தது. எண்ணெய்க் கிணறு துளைக்கையில் உள்ளே விடுகிற சேறு, கல்தூள் கலந்து கெட்டுப்போனால் அள்ளிப்போக டேங்கர் லாரி வரும். சுத்திகரிப்பு ஆலை வரை போக அந்த மகராசனுக்கு வலிக்கும். பாதி வழியிலேயே இவன் வயலை ஒட்டிய ஓடையில் கவிழ்த்துவிடுவான்.

மேல்வயல் உப்புப் பூத்துச் செத்தது. மிச்சம் கீழ்வயல் ஒன்றுதான். இன்னொரு மழைக்கு ஓடை பெருகினால் அதுவும் போச்சு. நியாயம் கேட்கப் போனபோது, "சேறுதானேடா, நாத்து நடு" என்று நாலு பேர் சிரிக்கச் சொன்னான் டேங்கர்காரன்.

அவன் வேலைக்குப் போனபோது, துளை போடும் இடத்தில் டேங்கர்காரன் ஸ்டோர்காரரோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். தொழிலாளி எதைக் கேட்டாலும் 'ஸ்டாக் இல்லை' என்று விரட்டுகிற ஸ்டோர்காரர், டேங்கர்காரனைக் கண்டால் மட்டும் எழுந்து நாற்காலி போடுவார்.

"என்னடா பொட்டலம்?" என்றான் டேங்கர்காரன்.

"உங்களுக்குத்தாண்ணே."

"எனக்கா? நீயே வச்சுக்கடா."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, பொட்டலத்தோடு தான் வேலை செய்யும், சேறு சலிக்கிற சல்லடை மேடையில் ஏறினான்.

பத்து நாள் கழித்து அதே மேடைக்கு டேங்கர்காரன் மூச்சிரைக்க ஏறி வந்தான். கீழே அவனுடைய பழைய நாலு லாரியும் காலையிலிருந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. போன மாதம் வாங்கிய இரண்டு லாரி வீட்டைவிட்டே கிளம்பவில்லை.

"மூணு நாளா ஒரு லோடுகூட இல்ல. என்னடா பண்ணித் தொலைச்ச?"

அவன் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டான். இப்படி மனசு குளிர்ந்து ரொம்ப நாளாயிற்று.

"கிழிஞ்ச சல்லடைய வீட்ல வச்சு ஒட்டுப்போட்டு மாட்டினேண்ணே. கல்தூள் தனியா வந்துடுது, சேறு கெடறதே இல்ல."

"அப்ப என் லாரி?"

"அதுல நாத்து நடுங்க."