வசைக்கு விதி இல்லை

ரசாயன ஆலையின் குடியிருப்பில் யார் எதைப் பார்க்கலாம், போனில் எதைப் பேசலாம் என்று விதி போடுவது ஜெபராஜின் வேலை. அன்று ஆலையில் விஷவாயு கசிந்ததும், நகரத்து அலுவலகத்தில் மேலாளர் அவன் தலைமேல் வந்து நின்றார்.

"ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. எல்லாத்தையும் அடை."

கசிவைப் பற்றிய ஒரு சொல்லும் குடியிருப்புப் போன்களுக்குப் போகாதபடி அடைத்தான். மேலாளர் அந்த விதியைத் தன் கைரேகையால் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

சற்று நேரத்தில் காற்று குடியிருப்புப் பக்கம் திரும்பியது. ஜெபராஜ் பதறிப்போய் அங்கே வீட்டில் இருந்த மனைவியைப் போனில் அழைத்தான்.

"பெனிட்டா, பிள்ளையத் தூக்கிட்டு உங்கப்பா வீட்டுக்குப் போ. வாயு கசியுது!"

"எதுக்குப் போகணும்? கடைசில சொன்னது கேக்கல."

விஷம் என்றான், ஆபத்து என்றான். அவன் போட்ட விதியே ஒவ்வொரு சொல்லையும் விழுங்கியது.

"விளையாடுதீங்களா? சோறு வேகுது. சாயங்காலம் போறேன்."

வசவுக்கு மட்டும் அவன் எந்த விதியும் போட்டதில்லை.

"ஏட்டி, உன் மூஞ்சியப் பாத்தாலே எரியுது. இப்பவே பிள்ளையோட வெளிய போ. நான் வரும்போது அங்க நின்னா கழுத்தப் புடிச்சுத் தள்ளுவேன்!"

ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் போய்ச் சேர்ந்தது.

"இனி உங்க வாசல மிதிக்க மாட்டேன்" என்றாள் பெனிட்டா. கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

ஜெபராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தான்.

"ஏலேய், ஆம்பளையா இருந்தா தெருவுல உள்ள அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வால!"