அந்த வீட்டுச் சோறு

"அந்த வீட்டுச் சோறு தின்னுதானே வளர்ந்தா? அப்புறம் என்ன இரக்கம்?" என்றார் சூப்பரின்டென்ட்.

விசாரணைக் கமிட்டியில் நான்கு பேரும் தலையாட்டினார்கள். மூலையில் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்த நானும் ஆட்டினேன். ஆபீஸ் கிளார்க் தலையாட்டினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பின்னே என்ன? காலாவதியான ஊசி மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி வார்டுக்கு அனுப்பியிருக்கிறான், எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோர்காரன். இரண்டு உயிர் போய்விட்டது. அவன் ஜெயிலுக்குப் போனால் போதுமா?

கமிட்டி புது விதி போட்டது. குற்றவாளியின் குடும்பத்துக்கும் இங்கே இடமில்லை. தெரிந்தே மறைத்தவர்களுக்கும், அவர்கள் குடும்பத்துக்கும் அதே கதிதான். முன்கூட்டியே எழுத்தில் புகார் கொடுத்திருந்தால் மட்டும் மன்னிப்பு.

ஸ்டோர்காரனின் மகள் எங்கள் நர்சிங் ஸ்கூலில் படிக்கிறாள். மனைவி எங்கள் தையல் பிரிவில் படுக்கை விரிப்பு தைப்பவள். தோளில் ஒட்டிய நூல் பிசிறைக்கூடத் தட்டாமல் மேஜை முன்னால் நின்றாள்.

"என்னை அனுப்பிடுங்க சார். பொண்ணு என்ன பண்ணினா? இன்னும் ஒரு வருஷம் விட்டா முடிச்சிடுவா."

"வீட்டுல உட்கார்ந்துதான் லேபிள் ஒட்டியிருக்கான். உனக்குத் தெரியவே தெரியாதாக்கும்?"

"தெரியும் சார்."

என் விரல்கள் நின்றுவிட்டன.

"பார்த்தீங்களா! தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கா!" என்று ஹெட் நர்ஸ் கொதித்தார்.

"மூடலை மேடம். எழுதிக் கொடுத்தேன். உரிச்ச லேபிளையும் கவர்ல வெச்சுக் கொடுத்தேன். அந்த ரெண்டு பேர் சாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி."

"யார்கிட்ட?"

"கிளார்க்கம்மாகிட்ட."

சூப்பரின்டென்ட் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது?"

நான் எழுந்து தபால் பதிவேட்டை எடுத்து வந்தேன். துண்டுச் சீட்டாக இருந்தாலும் அதில் ஏறாமல் எந்தக் காகிதமும் சூப்பரின்டென்ட் மேஜைக்குப் போகாது. பதினாறு வருஷமாக அதில் என் கையெழுத்துதான். அந்த மாதத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி எல்லோருக்கும் காட்டினேன்.

"பதிவில் இல்லை சார்."

"நீங்கதானேம்மா வாங்கினீங்க? 'தைரியமா போ, நான் பார்த்துக்கறேன்'னு சொன்னீங்களே?" அவள் சூப்பரின்டென்ட் பக்கம் திரும்பினாள். "என் புள்ளை மேல சத்தியமா கொடுத்தேன் சார்!"

"அந்தப் புள்ளையைக் காப்பாத்தத்தானே இந்தப் பொய்?" என்றார் சூப்பரின்டென்ட்.

நாலு பேரும் கையெழுத்துப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நீக்க உத்தரவை நானே டைப் அடித்தேன், நானே சீல் வைத்தேன், வெளியே சீருடையோடு காத்திருந்த அந்தப் பெண்ணிடம் நானே கொடுத்தேன். பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே பழக்க தோஷத்தில், "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள்.

திரும்பி வந்து என் மேஜையின் கடைசி டிராயரை இழுத்தேன். பழைய கார்பன் தாள்களுக்கு அடியில் கவர் அப்படியே இருந்தது. உள்ளே லேபிள்கள் நெருடின.

வாங்கிய அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இதே ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் என் மகனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அந்த ஸ்டோர்காரர். செய்நன்றி மறக்கலாமா?

இன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால், நானே டைப் அடித்த அதே விதிப்படி, அடுத்த நீக்க உத்தரவு என் மகன் பெயருக்கு.