மிச்ச உப்பு

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும், தீர்த்தம் மந்திரிக்கும்போது சேர்த்தது போக மிஞ்சிய உப்பைத் தட்டோடு எடுத்துக்கொண்டு கோயில்பிள்ளை ரெமிஜியுஸ் கோயில் கிணற்றடிக்கு வந்தார். கடல் ஊருக்குள் ஏறி ஆறு வருசமாயிற்று. உப்பேறிப்போன மற்றக் கிணறுகளையெல்லாம் மூடிவிட்டார்கள். பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக்கிடக்கிறார்கள். முழங்கால் வலி பாடாய்ப் படுத்தினாலும் அவர் மட்டும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. சிலுவை போட்டுக்கொண்டு தட்டைக் கிணற்றுக்குள் கவிழ்த்தார்.

"என்ன கொட்டுறீங்க?" புதிதாக வந்திருக்கும் பங்குச்சாமியார் பின்னால் நின்றார்.

"மந்திரிச்ச உப்பு, சாமி."

"ஏற்கெனவே உப்புக் கரிக்கிற கிணத்துலயா?"

ரெமிஜியுஸுக்கு விளக்கிச் சொல்லவே அலுப்பாக இருந்தது. "உப்ப மந்திரிக்கும்போது சாமிமாரு நீங்கதான வாராவாரம் வாசிக்கிய? கெட்டுப்போன ஊத்துல தீர்க்கதரிசி உப்பக் கொட்டுனாரு, தண்ணி நல்லாயிட்டுன்னு. முப்பது வருசமா நானும் ஆமென் சொல்லுதேன்."

சாமியார் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு தாமே வாளியை இறக்கி இழுத்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வாயை மூடியபடியே நின்றார்.

ரெமிஜியுஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பதைத் தாம் விட்டு வெகுநாளாகிவிட்டது.

"கொஞ்சமாவது தேவலையா, சாமி?"