போடாத பின்

பின் அசையவில்லை.

மெக்கானிக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கியர் லீவரிலிருந்து வரும் கம்பியைக் கியர்பாக்ஸோடு சேர்த்துப் பிடிக்கிற பின் அது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. காலை பத்து மணியிலிருந்து அதன் முனையில் பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். மூன்று தடவை எண்ணெய் ஊற்றினான். தீயில் சுட்டுப் பார்த்தான். கல்லுளிமங்கன் மாதிரி அது இருந்த இடத்திலேயே இருந்தது.

“வாடி என் தங்கமே, வந்துடு” என்று கெஞ்சினான்.

“பதினோரு வருஷத்துல என்னை ஒருநாளாவது இப்படிக் கூப்பிட்டிருப்பீங்களா?” என்றாள் மனைவி.

அவள் காருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கைவிளக்கைக் கீழே நீட்டிப் பிடித்திருந்தாள். அவளுடைய வலது முழங்கால் மடங்காது. அந்தக் கால் அவன் தலைமாட்டில் ஒரு பலகையைப் போல நீண்டு கிடந்தது. குனிந்து அடியில் பார்க்க அவளால் முடியாது. வெளிச்சம் பிடிக்கட்டுமா என்று வந்து நின்றவளைத் துரத்தாமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

நான்கு மணிக்கு அவளுடைய தம்பி வருகிறான்.

காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். “தம்பி வர்றான். அந்தக் காரைத் தன் பட்டறைக்கு எடுத்துட்டுப் போறானாம். பிரிச்சுப் பார்க்கணுமாம்.”

மெக்கானிக் சாப்பிடாமல் எழுந்து போய்த் தார்ப்பாயை உருவினான். நான்கு வருடமாக அதன் அடியில் கிடந்த கார்.

மச்சினன் அப்போது இதே பட்டறையில்தான் வேலை செய்தான். அவன் இந்தக் காரின் கியர் கம்பியை மாட்டி முடித்த மறுநாள், கார் வாசல் சரிவில் தானாகப் பின்னால் உருண்டது. கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த அவளைக் கேட்டோடு சேர்த்து நசுக்கியது.

“நான் கியர்லதான் போட்டுட்டு இறங்கினேன். உள்ள விழல. உன் தம்பி அந்தப் பின்னையே போடல” என்றான் மெக்கானிக். அடியில் படுத்துப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

மச்சினன் முதலில், போட்டேன் மாமா, போட்டேன் மாமா என்று அழுதான். ஆஸ்பத்திரியில் அக்காவின் காலைப் பார்த்த பிறகு, போட்டேனா என்று தன்னையே கேட்க ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் வீட்டைவிட்டுப் போனான். உறவுக்காரர்கள் அவனுக்குப் ‘பின்மறந்தான்’ என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

ஆக, உற்றார் உறவினர் அத்தனை பேருக்கும் இந்தப் பின் நான்கு வருடமாக இல்லாத ஒன்று. அதுவோ இருந்தது. போட்டவன் அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தான்.

கியரே போடாமல் இறங்கியவன் மெக்கானிக்தான். ஒரு சிகரெட் பற்றவைக்கிற அவசரம்.

மணி மூன்றேகால். இது வெளியே வந்து சாக்கடையில் விழுந்துவிட்டால் போதும். மச்சினன் வந்து அடியில் படுத்து, வெறும் ஓட்டையைப் பார்த்து, தன் தலையில் தானே அடித்துக்கொண்டு போவான்.

இந்த மாதிரிப் பின்னுக்கு ஒரு முனை பருமன், ஒரு முனை சன்னம். சன்னமான முனையில் அடித்தால் வெளியே வரும். பருத்த முனையில் அடித்தால், அடிக்க அடிக்க உள்ளே இறுகும். ஊரில் எல்லோரும் வலப்பக்கமிருந்து அடித்து ஏற்றுவார்கள். ஆகவே மெக்கானிக் இடப்பக்கமிருந்து அடித்தான். துருவும் எண்ணெய்ச் சேறும் இரண்டு முனைகளையும் ஒரே மாதிரி ஆக்கியிருந்தன.

அடித்தான். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. துருப்பொடி கண்ணில் விழுந்தது.

“சத்தம் இறுகுதுங்க” என்றாள் அவள். கடைசல் பட்டறைக்காரரின் மகள். நடை பழகுவதற்கு முன்பே இரும்புச் சத்தம் பழகியவள்.

“நீ பேசாம விளக்கைப் பிடி.”

அவள் பேசாமல் பிடித்தாள். நான்கு அடி. ஐந்து அடி.

“வலப்பக்கத்துல அடிங்க” என்றாள். “அவன் இடதுகைக்காரன்.”

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

எந்தப் பின் என்று அவன் அவளிடம் சொல்லவே இல்லை. கட்டி இழுத்துப் போக வசதியாக எதையோ தளர்த்துகிறேன் என்றுதான் சொல்லியிருந்தான்.

வெளிச்சம் ஆடாமல் நின்றது. அதில் அவன் கை தானாக, வெட்கங்கெட்ட கை, உளியை வலப்பக்கத்துக்கு மாற்றியது.

இரண்டே அடி. வெண்ணெயில் செருகி வைத்ததுபோல் பின் நழுவி அவன் நெஞ்சில் விழுந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

காருக்கு அடியில், வெளிச்சத்துக்குள், அவளுடைய உள்ளங்கை நீண்டது. விரல்கள் விரிந்தபடி காத்திருந்தன.

“உன் தம்பி வரட்டும்” என்றான் அவன். “நானே அவன்கிட்ட சொல்லிடறேன். சத்தியமா.”

“அவன் எங்கங்க வர்றான்?” என்றாள். “நான் கூப்பிட்டா போனைக்கூட எடுக்க மாட்டான். வர்றான்னு உங்ககிட்ட சும்மா சொல்லிப் பார்த்தேன்.”